கடல் இறங்கும் ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நிலா உண்மையிலேயே முழுதாக இருந்ததா, இல்லை மெரின் சொல்லிச் சொல்லி என் மனத்தில் அது முழுதாகிவிட்டதா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. சிறிய தீவு எங்களுடையது. ஒருவர் கண்டதை இன்னொருவர் சொல்லி, அதை மூன்றாமவர் சொல்லி, கடைசியில் யார் கண்டது என்பதே மறந்துபோய்விடும். சேற்றின்மேல் அந்தப் பலகை வழுக்கிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று நீ ஊரிலேயே இல்லை என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வதே சரியாக இருக்கும். ஆகவே நான் ஒதுங்கிக்கொள்கிறேன். மெரினுக்குத் தெரிந்ததை, அவள் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்க்கிறேன்.

மெரின் படகுகளுக்கு உறை தைப்பவள். அவளுடைய தையல் மேசை தண்ணீரைப் பார்த்த ஜன்னலோரம் கிடந்தது. பேச்சு அதிகம் இல்லாத பெண். கால் மிதியை மிதித்தபடி, ஊசி போவதைப் பார்ப்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் பக்கக் கடல் அலை அடிக்கிற கடல் இல்லை. மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்து, களைத்துப்போய்ப் படுத்துக்கொண்ட கடல். காலையில் ஏறும், பிற்பகலில் இறங்கும், மறுபடி ஏறும். ஓர் உறங்கும் உடம்பின் மூச்சுபோல அது இருக்கிறது என்று மெரின் ஒருமுறை சொன்னாள். 

அவளுடைய மகள் ரோமிக்கு அப்போது ஏழு வயது. வெயிலில் வெளுத்த முடி, எப்போதும் செருப்பில்லாத கால். கடல் இறங்கியதும் சேற்றில் நண்டு தேடப் போய்விடுவாள். அப்பா ட்ராய் தச்சன். தினமும் காலையில் சின்ன அலுமினியப் படகில் கரைக்குப் போய், சாயங்காலம் திரும்புவான். தீவிலேயே பிறந்தவன். அவனுக்கு இந்தத் தீவைத் தவிர வேறு எந்த இடமும் முழு இடமாகத் தெரியாது.

முதல் தடவை நவம்பரில் வந்தது. ஞாயிறு மாலை சேற்றிலிருந்து வந்த ரோமி வயிற்றைச் சொறிந்துகொண்டே நின்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறு முழுவதும் தடிப்பு. வரைபடத்தில் தீவுகள் இருப்பதுபோல, வெள்ளை நடுவும் சிவப்பு விளிம்புமாக. மெரின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தீவுகள் ஒன்றாயின.

"கடல் பூச்சியா இருக்கும். எனக்கும் சின்ன வயசுல வந்திருக்கு. ஒரு மாத்திரை குடு, தூங்கினா சரியாயிடும்" என்றான் ட்ராய்.

மாத்திரை கொடுத்தாள். சரியாகவும் போனது.

இரண்டாம் தடவை டிசம்பரில். அதுவும் ஞாயிறு, அதுவும் மாலை. அன்று வீட்டில் இறால் வேக வைத்திருந்தான் ட்ராய். உரித்துத் தந்த இரண்டைத் தின்ற சற்று நேரத்தில் ரோமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். உதடு தேனீ கொட்டியதுபோல் உப்பியது. தடிப்புகள் கழுத்துவரை ஏறின. கரைக்குக் கொண்டுபோவதற்குள் வடிந்துவிட்டது.

"இறால்தான்" என்றார் கரையிலிருந்த டாக்டர். வீட்டில் இறால் நின்றது. கிறிஸ்துமஸ் அன்று மற்றவர்கள் தின்றபோது ரோமி ஒரு தட்டு மாம்பழத்தோடு தனியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இறாலுக்கு அவள் உடம்பில் எந்த ஒவ்வாமையும் இல்லை. நிலக்கடலைக்கு இல்லை. முட்டைக்கு இல்லை. பாலுக்கு இல்லை.

"ஒண்ணுமே இல்லைன்னா நல்லதுதானே?" என்றான் ட்ராய்.

காரணம் தெரியாத ஒன்று வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருக்கிறது என்பது மெரினுக்கு நல்லதாகத் தோன்றவில்லை. பேர் தெரிந்தால் அதற்குக் கதவைச் சாத்தலாம். பேர் தெரியாததற்கு எந்தக் கதவைச் சாத்துவது?

ஜனவரியில் மலைக்கு அப்பால் இருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனார்கள். வறண்ட, கடல் வாசனையே இல்லாத ஊர். மாதம் முழுவதும் ரோமிக்கு ஒரு கொசுத் தடிப்புகூட வரவில்லை. அங்கே ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், வேலியோரம் எழும்பிய முழு நிலவைப் பார்த்து நின்றபோதுதான் மெரினுக்கு அந்த எண்ணம் வந்தது. நவம்பரில் அந்த மாலையும் நிலா இப்படித்தான் இருந்தது. டிசம்பரிலும்.

திரும்பி வந்ததும் அவள் தையலை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தாள். முழு நிலவை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரம் ஏறும், மிகத் தாழ இறங்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. இறங்கும்போது, சாதாரணமாக வெளியே வராத சேறெல்லாம் வெளியே வரும். கறுப்பாக, வழவழப்பாக, முட்டை அழுகிய வாசனையோடு. அந்தச் சேற்றில் ஏதோ இருக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கினாள். தண்ணீர் விலகியதும் விழித்துக்கொள்கிற ஏதோ ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை மூச்சு விட்டு, அவள் குழந்தையைத் தேடி வருகிற ஒன்று.

இதை அவள் ட்ராயிடம் சொன்னபோது அவன் படகு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நிலாவா?"

"நிலா இல்ல. சேறு."

"நானும் அந்தச் சேத்துலதான் வளர்ந்தேன், மெரின். பாதி சேறு என் வயித்துக்குள்ள இருக்கு."

"நீ வேற, அவ வேற."

"சரி, நோயலீன்கிட்ட சொல்லி நிலாவ அணைக்கச் சொல்றேன். தீயணைப்புக் குழுத் தலைவிதானே, அதையும் அணைச்சுடுவா."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

பிப்ரவரியில் அந்த ஞாயிறு வந்தது.

எங்கள் படகுத்துறை ஆழமில்லாதது. பெரிய தட்டைப் படகு துறையை ஒட்டி வர வேண்டுமானால் கடல் நன்றாக ஏறியிருக்க வேண்டும். அதனால் முழு நிலவை ஒட்டிய ஞாயிறு காலைதான் தீவின் துப்புரவு நாள். தீயணைப்புக் குழு எல்லோரையும் கூட்டும். காய்ந்த கிளைகள், உடைந்த நாற்காலிகள், யாரோ ஒருவருடைய பழைய ஃப்ரிட்ஜ், எல்லாவற்றையும் தட்டைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, மதியம் தீயணைப்புக் கொட்டகை வாசலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். இரும்புத் தட்டில் வெங்காயமும் சாசேஜும் சுடுகிற வேலை ட்ராயுடையது. அவன் அப்பா செய்த வேலை அது.

"காலையில போகட்டும். கடல் இறங்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வந்துடணும்" என்றாள் மெரின்.

ரோமி சொன்னபடி வந்தாள். கன்னத்தில் கரி, கையில் தக்காளிச் சாஸ், சட்டையில் யூக்கலிப்டஸ் புகை. மெரின் அவளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, எல்லா ஜன்னல்களையும் சாத்தினாள். கதவிடுக்கில் ஈரத் துண்டுகளைச் செருகினாள். மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டது. அம்மாவும் மகளும் தரையில் படுத்துக்கொண்டார்கள். வெளியே கடல் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால், யாரோ ஒரு பெரிய போர்வையை மெல்ல மெல்ல உருவிக்கொண்டு போவதுபோல் இருந்தது. பச்சை போய்ப் பழுப்பு வந்தது, பழுப்பு போய்க் கறுப்பு வந்தது. கறுப்பின்மேல் நாரைகள் நடந்தன.

"அம்மா, நாம மீன் தொட்டியில இருக்கோமா?"

"ஆமா."

"அப்போ வெளியில இருக்கிறவங்க நம்மள பாக்கிறாங்களா?"

"பாக்கட்டும்."

இருவரும் தூங்கிப்போனார்கள் போலிருக்கிறது. மெரின் கண் திறந்தபோது வெளிச்சம் சாய்ந்து, அறை முழுவதும் தேன் நிறமாக இருந்தது. ரோமி எழுந்து உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கை அரிக்குதா?"

"உள்ள அரிக்குது."

குரல் வேறு மாதிரி இருந்தது. யாரோ ஒரு கிழவியின் குரல்போல, கரகரத்து. ரோமி இருமினாள். மறுபடி இருமினாள். "அம்மா, என் நாக்கு பெருசாயிடுச்சு" என்றாள். பயமில்லாமல், ஒரு செய்தியைச் சொல்வதுபோல. பிறகு மெதுவாகச் சாய்ந்து அம்மாவின் மடியில் தலை வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

தான் சாத்திய ஜன்னல்களைப் பார்த்தாள் மெரின். ஒரு துண்டுகூட நகரவில்லை. எதுவும் உள்ளே வரவில்லை. ஆனாலும் அது வந்துவிட்டது.

அவசர எண்ணில் பேசிய பெண்ணின் குரல் மிக அமைதியாக இருந்தது. படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள், தூக்கி நிமிர்த்தவும் வேண்டாம், மூச்சு விடத் திணறினால் மட்டும் கால் நீட்டி உட்கார வையுங்கள், எதிர்க்கரைத் துறைக்கு ஆம்புலன்ஸ் வருகிறது என்றது அந்தக் குரல். எதிர்க்கரைக்குப் போவது எப்படி? ட்ராயின் படகு வீட்டின் முன்னால்தான் கிடந்தது. சேற்றின் நடுவே, ஒரு பக்கமாகச் சாய்ந்து, செத்த மீனைப்போல. தண்ணீர் அதற்கு அப்பால் எங்கேயோ ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது.

மெரின் கத்திய சத்தம் கொட்டகைவரை கேட்டது என்கிறார்கள். அங்கே தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ட்ராய் இடுக்கியோடே ஓடிவந்தான். மகளைப் பார்த்தான். வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த தன் நீளமான அலைச்சறுக்குப் பலகையை எடுத்துவந்து போட்டான். ரோமியை அதில் படுக்க வைத்தார்கள். அவன் முன்னால் கயிற்றை இழுத்தான். மெரின் பக்கத்தில் மண்டியிட்டும் எழுந்தும் விழுந்தும் பலகையைத் தள்ளினாள். முழங்கால்வரை புதையும் சேற்றில் அவர்கள் தவழ, குழந்தை மட்டும் ஆடாமல் அசையாமல் அந்தக் கறுப்பின்மேல் வழுக்கிக்கொண்டு போனாள். நாரைகள் பறக்கவில்லை, விலகி வழிவிட்டன. ரோமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூச்சில் ஒரு சின்ன விசில் இருந்தது. அந்த விசில் கேட்கிறவரை சரி, கேட்கிறவரை சரி என்று மெரின் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். முகத்தில் அடித்த சேறு அவளுக்கு நாறவில்லை. அதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

ஆழத் தண்ணீரின் விளிம்பில், அந்தச் சத்தம் கேட்டுப் படகெடுத்து வந்த நோயலீன் காத்திருந்தாள். அறுபது தாண்டிய, ஆறடி உயரமான பெண்.

"பலகையோட ஏத்து. பிள்ளைய நிமித்தாதே. டேய் ட்ராய், அழறதுன்னா அந்தக் கரையில போய் அழு, இப்போ படகத் தள்ளு!"

எதிர்த்துறையில், பலகையிலேயே வைத்து, ஆம்புலன்ஸ்காரர் ரோமியின் தொடையில் ஊசி போட்டார். உலகம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விசில் தேய்ந்தது. உதட்டில் நிறம் வந்தது. ரோமி சுற்றிலும் பார்த்து, "என் கால்ல ஏன் சேறே இல்ல?" என்று கேட்டாள். மலைக்கு மேலே, பெரிதாக, ஒன்றும் தெரியாததுபோல் நிலா எழும்பிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் கேட்டார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டாள்? தண்ணீர், பாதி வாழைப்பழம். ஏதாவது கொட்டியதா? இல்லை. மூடிய அறையில் இருந்தாள். அவசரத்துக்கு மருந்து நிரப்பிய ஓர் ஊசிப் பேனாவைக் கையில் கொடுத்து, தொடையில் எப்படிக் குத்துவது என்று காட்டி, ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க நாள் குறித்து அனுப்பினார்கள். காரணம் தெரியவில்லை என்றார்கள்.

வீடு திரும்பிய அன்று மெரின் சொன்னாள், "நாம இங்கிருந்து போயிடலாம்."

ட்ராய் வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தான். காய்ந்து ஓடாகியிருந்தது.

"எங்க?"

"அக்கா ஊருக்கு. அங்க அவளுக்கு ஒண்ணுமே வரல."

"நிலாவுக்குப் பயந்து வீட்ட விக்கச் சொல்ற."

"நான் எதுக்குப் பயப்படறேன்னு எனக்கே தெரியல, ட்ராய். தெரிஞ்சா இங்கயே இருப்பேன்."

மரங்களில் பூச்சிகள் கத்தி ஓய்ந்தன. கடைசியில் அவன், "அடுத்த பௌர்ணமிக்கு முன்னாடி அந்த நிபுணரப் பாத்துடுவோம். அவங்களுக்கும் தெரியலைன்னா போயிடலாம்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் மெரினைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான்.

நிபுணரின் பெயர் டாக்டர் பாபாஸ். மெல்லிய, நரைத்த பெண். கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்கும் வழக்கம் அவளுக்கு. அந்தக் காத்திருப்பில்தான் மெரின் வாய் திறந்தாள். சிரிப்பார்கள் என்று தெரிந்தே நிலாவைச் சொன்னாள், கடல் இறங்குவதைச் சொன்னாள், சேற்றைச் சொன்னாள். ட்ராய் கூரையைப் பார்த்தான். ரோமி தரையில் படுத்து நண்டு வரைந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை.

"மூணு தடவையும் அந்த ஞாயிறுதானா?"

"மூணு தடவையும்."

"நீங்க கவனிச்சது சரியா இருக்கும்னு வச்சுக்குவோம். அந்த ஞாயிறு உங்க தீவுல வேற என்ன நடக்கும்?"

"துப்புரவு. அப்புறம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவாங்க."

"என்ன சாப்பாடு?"

"சாசேஜ்" என்றான் ட்ராய். "மாட்டுக்கறி. நல்ல கடையில வாங்கறது. ஆனா அது மத்தியானம், டாக்டர். இவளுக்கு வந்தது சாயங்காலம். அதுவுமில்லாம பல்லு முளைச்சதுலேர்ந்து இவ சாசேஜ் திங்கிறா."

"வீட்டுல கறி சமைப்பீங்களா?"

"நான் சாப்பிடறதில்ல. அதனால சமைக்கிறதும் இல்ல" என்றாள் மெரின். "கரைக்குப் போனா மீனும் சிப்ஸும் வாங்குவோம்."

"ஜனவரியில, அக்கா வீட்டுல?"

"அவங்க குடும்பமே கறி தொடாது" என்றான் ட்ராய். "ஒரு மாசம் பருப்பும் கத்திரிக்காயும். எனக்குத்தான் ஏதாவது நோய் வந்திருக்கணும்."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தாள். "இவள உண்ணி கடிச்சிருக்கா?"

ட்ராய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெரினுக்கும் உதடு கோணியது.

"எங்க தீவுல உண்ணி கடிக்காத குழந்தையே கிடையாது, டாக்டர். தோட்டம் பூரா பாண்டிகூட்டுங்க பெருச்சாளியாட்டம் ஓடுது, அதுங்க மேலேர்ந்து இதுங்க இறங்கி வருது. போன வசந்தத்துல, செப்டம்பர் அக்டோபர்ல, ரொம்ப. தினம் குளிச்சதும் நான்தான் பாப்பேன். காதுக்குப் பின்னாடி, தலைக்குள்ள, அக்குள்ல. என்னை மாதிரி எடுக்க ஆளே கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களையும் எங்கிட்டதான் அனுப்புவாங்க."

"எப்படி எடுப்பீங்க?"

அவன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நீட்டிக் காட்டினான். தச்சனின் தடித்த விரல்கள். "நகத்தால நல்லா அழுத்திப் புடிச்சு, ஒரே இழு."

டாக்டர் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். உண்ணியை நசுக்கினால் அதன் எச்சில் முழுவதும் உடம்புக்குள் போய்விடும். அப்படிப் போகப் போக, சிலருடைய உடம்பு அந்த எச்சிலில் இருக்கும் ஒரு பொருளை விரோதியாக எண்ணிக்கொள்ளும். அதே பொருள்தான் மாட்டிலும் ஆட்டிலும் பன்றியிலும் இருக்கிறது. அதன்பின் கறி தின்றால் உடம்பு சண்டைக்கு நிற்கும். ஆனால் மற்ற ஒவ்வாமைகளைப்போல் உடனே அல்ல. கறி செரித்து, கொழுப்பு ரத்தத்தில் கலந்து, பல மணி நேரம் கழித்து. அதற்குள் குழந்தை வேறு எதையாவது தின்றிருக்கும், எங்காவது விளையாடப் போயிருக்கும். பழி அதன்மேல் விழும். இந்தக் கடற்கரை நெடுக இப்படிப் பலர் வருகிறார்கள் என்றாள்.

"ரத்தம் எடுத்து உறுதிப்படுத்துவோம். ஆனா எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல." மெரின் பக்கம் திரும்பினாள். "நிலாவ நீங்க கவனிக்கலைன்னா இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் நேரம் ஆயிருக்கும்."

மெரின் தலையசைத்தாள். அவள் ட்ராயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நீட்டிய இரண்டு விரல்களும் இன்னும் மேசைமேல் அப்படியே இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ட்ராய் மோட்டாரை மிக மெதுவாக ஓட்டினான். எண்ணிப் பார்த்தால் எல்லாம் அவனுடைய அன்புதான். ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கடியில் மகளின் முடியைக் கோதிக் கோதித் தேடியது. புகையில் நின்று, கருகாத சாசேஜாகப் பார்த்து அவளுக்கென்று ஒதுக்கியது. மெரின் அதையெல்லாம் நினைத்தாள். அவன் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. படகு போன வழி பின்னால் இரண்டாகப் பிரிந்து, விரிந்து, மறைந்தது.

"அப்பா, அப்போ நிலா மேல தப்பு இல்லையா?" என்று கேட்டாள் ரோமி.

"இல்ல கண்ணு."

"சேத்து மேல?"

"இல்ல."

"அப்போ யார் மேல?"

ட்ராய் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"உண்ணி மேல" என்றாள் மெரின். "முழுக்க முழுக்க உண்ணி மேல."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ரத்தப் பரிசோதனை டாக்டர் சொன்னதையே சொன்னது. அதன்பிறகு வீட்டில் சில வழக்கங்கள் மாறின. குளித்ததும் தேடுவது மாறவில்லை, தேடுகிறவனும் மாறவில்லை. ஆனால் கண்டால் தொடமாட்டான். உறைய வைக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு, உண்ணி தானே செத்து விழும்வரை உட்கார்ந்திருப்பான். அது விழ நேரமாகும். அவ்வளவு நேரமும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மகளின் காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரோமி அவனுக்குக் கதை சொல்வாள். ஊசிப் பேனா ஒன்று பள்ளியில், ஒன்று வீட்டில், ஒன்று ரோமி போகிற இடமெல்லாம்.

மார்ச் முழு நிலவு ஞாயிறு வந்தபோது மெரின் அக்கா ஊருக்குப் பெட்டி கட்டவில்லை. ஆனாலும் காலையிலிருந்து ரோமியின் சட்டையை மூன்று முறை தூக்கிப் பார்த்துவிட்டாள். பேர் தெரிந்துவிட்டது என்பதை மூளை நம்பியது. கை நம்பவில்லை. கொட்டகை வாசலில் ட்ராய் தனியாக ஒரு சின்ன அடுப்பு வைத்திருந்தான். அதற்குத் தனி இடுக்கி, கைப்பிடியில் நீல நாடா. அதில் மீன் மட்டும். நீல இடுக்கியை எடுக்கப்போன ஒருவரின் கையை அவன் தட்டிவிட்டதை எல்லோரும் பார்த்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு நோயலீன் வழக்கம்போல் தன் கண்ணாடி ஜாடியோடு வந்தாள். உள்ளே வண்ண வண்ண ஜெல்லிப் பாம்புகள்.

"வாடி பலகை ராணி. சிவப்பா, பச்சையா?"

ரோமி கையை நீட்டவில்லை. ஜாடியை உற்றுப் பார்த்தாள்.

"இதுல மாடு இருக்கா?"

"பாம்புல மாடா? என்னடி சொல்ற?"

"இருக்கும். பாக்கெட்டுல போட்டிருக்கும். பாரு."

நோயலீன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல், குப்பைக் கூடையிலிருந்து பாக்கெட்டைத் தேடி எடுத்து, கையை நீட்டி எட்ட வைத்துப் படித்தாள். "ஜெலட்டின்... மாட்டெலும்பு. அட நாசமாப்போன பாம்பே!" ஜாடியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "முப்பது வருஷமா இந்தத் தீவுக்கு மாட்ட ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன். மெரின், உனக்குத் தெரியுமாடி? நீயும் தின்னிருக்க!"

மெரின் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

பிற்பகலில் கடல் இறங்கியது. மெரின் வீட்டுக்குப் போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். அழுகிய முட்டை வாசனை உள்ளே வந்து அறை அறையாக நடந்தது. ரோமி சேற்றில் இறங்கினாள். மெரின் தையல் மேசையில் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. மடியில் ஊசிப் பேனா கிடந்தது. வெளிச்சம் தேன் நிறமானது. தூரத்தில் ஒரு சின்ன உருவம் குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. ட்ராய் வந்து அவள் பின்னால் நின்றான். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் திரும்பி வரத் தொடங்கியது. முதலில் நூலாக, பிறகு நாடாவாக, பிறகு போர்வையாக. அந்த உருவம் தண்ணீருக்கு முன்னால் தப்பி ஓடுவதுபோல் சிரித்துக்கொண்டு ஓடிவந்து, வாசலில் நின்றது. முழங்கால்வரை கறுப்பு. வயிற்றில் ஒரு தடிப்பும் இல்லை.

"பசிக்குது" என்றது.

இப்போது ரோமி எதிர்க்கரையில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி முகாமில் யாரோ கறிச்சாறு ஊற்றிய உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, ஒருமுறை ஊசிப் பேனாவைத் தானே தன் தொடையில் குத்திக்கொண்டாள். பிழைத்தாள். உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டதில் ரத்தத்தில் ஒவ்வாமையின் அளவு குறைந்து வருகிறது, ஆனாலும் கறி தொடுவதில்லை. ட்ராயும் கறியை விட்டுவிட்டான். துப்புரவு ஞாயிறுகளில் மற்றவர்களுக்குச் சுடுகிறான். நோயலீனுக்கு முழங்கால் போய்விட்டது. வடக்கே மகன் வீட்டுக்கே போய்விட்டாள். போகும்போது ஜாடியை ரோமியிடம் கொடுத்துவிட்டுப் போனாள், அதில் இப்போது பொத்தான்கள் இருக்கின்றன. அந்தப் பலகை விரிசல் விட்டு, வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. மெரின் அதே ஜன்னலோரம் படகு உறை தைக்கிறாள். அவர்கள் வீட்டை விற்கவில்லை.